வீடுதோறும் சாமி படம் தந்த ரவிவர்மா

சிவப்புச் சேலை உடுத்தித் தாமரை மேல் நிற்கும் லட்சுமி. வெண்ணிறச் சேலையில், வீணையை ஏந்தி அமர்ந்திருக்கும் சரஸ்வதி. பக்கத்தில் ஒரு மயில்.

திருவனந்தபுரம் சாலை பஜாரில் பலசரக்குக் கடையின் கல்லாப் பெட்டிக்கு மேலே இந்தப் படங்களைப் பார்க்கலாம். ஊரிலிருந்து பிழைக்க வந்தவரின் ஒற்றை அறையிலும் இவை இருக்கும். படம் வரைந்தவர் பெயர் தெரியாமலேயே பல தலைமுறைகள் இந்த முகங்களைக் கும்பிட்டு வந்திருக்கின்றன.

லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இந்த முகத்தைக் கொடுத்தவர் ரவிவர்மா. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கிளிமானூரில் பிறந்தவர். ராஜா ரவிவர்மா என்று உலகம் அழைத்தாலும் அவர் எந்த நாட்டையும் ஆண்டவர் அல்ல. ஆனால் அவருடைய படங்கள் ஆண்ட பரப்பு எந்த மகாராஜாவின் நாட்டை விடவும் பெரியது.

அந்தப் புகழுக்கு அவர் கொடுத்த விலையும் பெரியதுதான்.

கிளிமானூர்ச் சிறுவன்

1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி கிளிமானூர் அரண்மனையில் ரவிவர்மா பிறந்தார். தந்தை வடமொழிப் பண்டிதர். தாயார் உமயாம்பா தம்புராட்டி கவிதை புனையும் ஆற்றல் பெற்றவர். திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துக்கும் கிளிமானூர் குடும்பத்துக்கும் பல தலைமுறைகளாகத் திருமண உறவு இருந்து வந்தது.

சிறு வயதில் கரித்துண்டு கிடைத்தால் போதும், வெள்ளையடித்த சுவரெல்லாம் யானையும் குதிரையும் ஆகிவிடும். வேலையாட்கள் முணுமுணுத்தார்கள். மாமா ராஜராஜ வர்மா கோபிக்கவில்லை. அவரே ஓர் ஓவியர். மருமகனின் கையில் வித்தை இருப்பதைக் கண்டுகொண்டு பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

இந்த மாமாவின் வித்தைக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. சுவாதித் திருநாள் காலத்தில் மதுரையிலிருந்து வந்து அரண்மனையில் பெயர் பெற்ற ஓவியர் அழகிரி நாயுடு. அவரிடம் பயின்றவர் ராஜராஜ வர்மா. தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதக் கூடியவர்.

ரவிவர்மாவுக்கு 14 வயதானபோது, 1862-ல், மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்து ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். மகாராஜா கலைகளில் ஈடுபாடு மிக்கவர். பையன் தலைநகரிலேயே தங்கிக் கற்றுக் கொள்ள ஏற்பாடு செய்தார்.

மறைக்கப்பட்ட வித்தை

அந்த நாளில் திருவிதாங்கூரில் ஒரு புதிய தொழில்நுட்பம் வந்து சேர்ந்திருந்தது. அதுதான் தைல வர்ணம்.

நம் பழைய ஓவியர்கள் மண், கல், இலை, பட்டை ஆகியவற்றிலிருந்து வர்ணம் எடுத்தார்கள். பசையும் தண்ணீரும் கலந்து பூசினால் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். தைல வர்ணம் வேறு விதம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த அந்த வர்ணம் உலர நாட்கள் ஆகும். அதற்குள் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு இழைத்து விடலாம். பட்டின் பளபளப்பு, தங்கத்தின் மினுமினுப்பு, கன்னத்தின் சிவப்பு, கண்ணின் ஈரம் எல்லாம் அதில் வரும்.

ஐரோப்பாவிலும் அப்போதுதான் அந்தத் தொழில் எளிதாகியிருந்தது. வர்ணத்தை மெல்லிய தகரக் குழாயில் அடைத்து விற்கும் முறை 1841-ல் வந்தது. அதன் பிறகு, குழைத்த வர்ணம் கெடாமல் கப்பலேறிக் கடல் தாண்டியது.

திருவனந்தபுரம் அரண்மனையில் தைல வர்ணம் தெரிந்தவர் ராமசாமி நாயக்கர். அவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரே. ரவிவர்மாவுக்கு வித்தையைக் கற்றுக் கொடுக்கும்படி சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. ராஜ உறவுள்ள ஒரு பையன் நாளை தமக்குப் போட்டியாக நிற்பான் என்று அவருக்குப் பட்டது.

பட்டறையில் தொழில் பழகியவர்களுக்கு இது புதிய கதை அல்ல. கலவை போடும் நேரத்தில் பையனைத் தேநீர் வாங்க அனுப்பிவிடும் மேஸ்திரிகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. தெரிந்த வித்தைதான் அவர்களுக்குச் சோறு. அதைக் கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்ற பயம் நாயக்கருக்கும் இருந்திருக்கும்.

ஆனால் நாயக்கரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளை வேறு மாதிரியானவர். ஆசிரியருக்குத் தெரியாமல் இரவில் வந்து, தமக்குத் தெரிந்ததை ரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். எந்த எண்ணெயை எவ்வளவு சேர்ப்பது, எந்தத் தூரிகையை எதற்கு எடுப்பது என்ற அடிப்படைகள் அப்படித்தான் கிடைத்தன.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரத்துக்கு வந்தார். மகாராஜாவையும் மகாராணியையும் படம் எழுதுவது அவர் வேலை. அவரும் பாடம் நடத்த மறுத்துவிட்டார். மகாராஜா கேட்டுக் கொண்டதன் பேரில், வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார்.

ரவிவர்மா பார்த்தார். பகலில் பார்த்ததைத் தனியே போய்ச் செய்து பார்த்தார். கெடுத்தார், துடைத்தார், மறுபடி எழுதினார். பள்ளிக்கூடமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஓர் உதவியாளரின் இரவுப் பாடமும், ஓர் அந்நியரின் முதுகுப்புறமுமே அவருக்குக் கலைக் கல்லூரி.

சென்னை முதல் சிகாகோ வரை

1873-ம் ஆண்டு சென்னையில் ஓவியக் கண்காட்சி நடந்தது. கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்தை ரவிவர்மா அனுப்பினார். கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னாவில் நடந்த சர்வதேசக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு வயது 25.

மறு ஆண்டு அனுப்பிய படம் வாத்தியம் வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண். அதற்கும் சென்னையில் தங்கப் பதக்கம்.

1876-ல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையைத் தீட்டினார். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு அதை விலை கொடுத்து வாங்கினார். பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் தமது சாகுந்தல ஆங்கில மொழிபெயர்ப்பின் முகப்பில் அந்தப் படத்தைச் சேர்த்துக் கொண்டார்.

1880-ல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்துப் பட்டம் ஏற்ற விசாகம் திருநாள் காலத்தில் ரவிவர்மாவுக்கும் அரண்மனைக்கும் உறவு சுமுகமாக இல்லை. அரண்மனை ஆதரவை நம்பியிருந்த கலைஞனுக்கு அது பெரிய அடி. ரவிவர்மா மூட்டை கட்டினார். பிழைப்புக்காக ஊரை விட்டுப் புறப்பட்ட எத்தனையோ பேரைப் போல அவரும் வடக்கே ரயிலேறியவர்தான்.

1881-ல் பரோடாவில் சாயாஜிராவ் கெய்க்வாட் முழு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அந்த விழாவை ஒட்டி ரவிவர்மா அங்கே அழைக்கப்பட்டார். அழைத்தவர் பரோடா திவான் சர் டி. மாதவராவ். கும்பகோணத்துக்காரர். முன்பு திருவிதாங்கூரில் திவானாக இருந்து ரவிவர்மாவின் இளமையைப் பார்த்தவர்.

பிறகு 1888-ல் பரோடா மன்னர் புராண, இதிகாசக் காட்சிகளில் 14 ஓவியங்கள் கேட்டார். ரவிவர்மாவும் அவருடைய தம்பி சி. ராஜராஜ வர்மாவும் வட இந்தியா முழுவதும் சுற்றினார்கள். தம்பியும் தேர்ந்த ஓவியர். அண்ணனுக்கு வலது கையாக இருந்தவர்.

சீதைக்கும் தமயந்திக்கும் எந்த ஊர் உடையைக் கொடுப்பது? ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு விதமான உடை. கடைசியில் அவர் தூரிகை நின்ற இடம் சேலை. இன்று புராண நாடகத்திலும் சினிமாவிலும் தேவியர் சேலையும் அட்டிகையும் அணிந்து வருவதற்கு ரவிவர்மா போட்ட பாதை ஒரு முக்கியக் காரணம்.

14 படங்களும் 1890-ல் முடிந்தன. பரோடாவில் அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் திரண்டு வந்தது. 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சிக்கு 10 ஓவியங்கள் சென்று விருது பெற்றன. சுவாமி விவேகானந்தர் சர்வமத மாநாட்டில் பேசியதும் அதே ஆண்டில், அதே சிகாகோ விழாவை ஒட்டித்தான்.

கல்லில் பிறந்த கடவுள்

இத்தனை புகழிலும் ஒரு குறை இருந்தது. ஓர் ஓவியம் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். பரோடா அரண்மனைச் சுவரில் மாட்டிய படத்தைத் திருநெல்வேலி விவசாயி எப்போது பார்ப்பது? படம் கேட்டு வந்த கடிதங்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்க இரண்டு கை போதாது.

இதற்கு வழி சொன்னவரும் மாதவராவ்தான். நல்ல படங்கள் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்து வரவழைக்கலாம் என்பது அவர் யோசனை. ரவிவர்மா ஒரு படி மேலே போனார். அச்சு இயந்திரத்தையே இங்கு கொண்டு வரத் தீர்மானித்தார்.

1894-ல் பம்பாயில் கிர்காம் பகுதியில் ரவிவர்மா அச்சகம் தொடங்கப்பட்டது. இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் அங்கிருந்தே வந்தார்கள். கோவர்தனதாஸ் மக்கன்ஜி என்ற வணிகர் கூட்டாளியாகச் சேர்ந்தார். முதலில் அச்சேறிய படம் சகுந்தலையின் பிறப்பு.

அந்த அச்சு முறைக்குக் கல் அச்சு என்று பெயர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை.

வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் எழுதுவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். மை உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது. மற்ற இடமெல்லாம் ஈரமாகும். அதன் மேல் அச்சு மையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். எழுதிய இடம் மட்டும் பிடித்துக் கொள்ளும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும்.

இது ஒரு நிறத்துக்கு. நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஒரே காகிதம் கல்லுக்குக் கல் ஏறி இறங்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். மூல ஓவியத்தைப் பார்த்து எந்த இடத்தில் எந்த நிறம் என்று பிரித்துக் கல்லில் எழுதுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். கடைசியில் மேலே வார்னிஷ் பூசினால் தைல ஓவியம் போலவே பளபளக்கும். அதனால் அதற்கு ஓலியோகிராப் என்று பெயர் வந்தது.

லட்சுமியும் சரஸ்வதியும் அச்சேறினார்கள். ராமர் பட்டாபிஷேகமும், கங்கை இறங்கும் காட்சியும், தமயந்தியின் அன்னமும் வந்தன. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, நாடெங்கும் சுவர்களில் அவை ஏறின.

கடனும் பிளேக்கும்

அச்சகம் ரவிவர்மாவின் பெயரை வளர்த்தது. ஆனால் அவர் கையைக் கடித்தது.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ஊரே காலியாயிற்று. வேலையாட்கள் பயந்து ஓடினார்கள். கூட்டாளியோடு இருந்த தொழில் உறவும் நிலைக்கவில்லை. அச்சகம் லோனாவாலாவுக்குப் பக்கத்தில் உள்ள மளவ்லிக்கு இடம் மாறியது. கடன் சேர்ந்தது. படம் எழுதிச் சம்பாதித்த பணம் அச்சகத்தில் கரைந்தது. அண்ணனுக்கு ஈடாக அந்தச் சுமையைத் தாங்கியவர் தம்பி ராஜராஜ வர்மா.

கடைசியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சகத்தை ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர் பிரிட்ஸ் ஷ்லைச்சரிடம் விற்றுவிட்டார்கள். தமது பல படங்களை அச்சிடும் உரிமையையும் ரவிவர்மா அதோடு விட்டுக் கொடுத்தார்.

அதன் பின் அந்த அச்சகம் தழைத்தது. சாமி படத்தோடு விளம்பரப் படமும், நாள்காட்டியும், தீப்பெட்டி லேபிளும் வந்தன. படம் விற்ற லாபம், படத்தைப் படைத்தவருக்கு வரவில்லை. புதிய இயந்திரத்தைக் கொண்டு வந்து நிறுத்தியவன் ஒருவன், அதில் பணம் பார்த்தவன் இன்னொருவன் என்பது தொழிலுலகில் பலமுறை நடந்த கதை. ரவிவர்மாவும் அதற்கு விலக்கு அல்ல.

அந்த அச்சகத்தில் இளமையில் வேலை பார்த்த ஒருவர் பால்கே. 1913-ல் ராஜா ஹரிச்சந்திரா என்ற படத்தை எடுத்து, இந்திய சினிமாவின் தந்தை என்று பெயர் பெற்றவர். சுவரில் அசையாமல் நின்ற புராணப் பாத்திரங்களை அவர் திரையில் நடக்க வைத்தார்.

காவலில்லாத சன்னதி

ரவிவர்மாவின் காலத்தில் திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. கோயிலுக்குள் நுழைவது இருக்கட்டும், பக்கத்துத் தெருவில் நடப்பதற்கே தடை இருந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். தெய்வத்தின் திருமுகம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க அவர்களுக்கு உரிமை இல்லை.

அச்சுப் படத்துக்கு இந்தக் காவல் கிடையாது. காசு கொடுத்தவருக்குப் படம் கிடைத்தது. எந்தச் சாதி என்று கடைக்காரர் கேட்கவில்லை. முதலில் வசதியுள்ள நடுத்தர வீடுகளுக்குப் போன படங்கள், மலிவுப் பதிப்புகளும் போலிப் பதிப்புகளும் வந்த பிறகு குடிசைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தீண்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர் கையால் விளக்கேற்றிப் பூப்போட ஒரு லட்சுமி அவர் வீட்டுக்கே வந்தாள்.

கோயிலைத் திறக்க வேண்டும் என்று நினைத்து ரவிவர்மா அச்சகம் தொடங்கவில்லை. அது ஒரு வியாபாரம்தான். ஆனால் இயந்திரம் சாதி பார்க்கவில்லை.

கடைசி நாட்கள்

1904-ல் பிரிட்டிஷ் அரசு ரவிவர்மாவுக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. மறு ஆண்டு ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா காலமானார். ஊர் ஊராக ஒன்றாகச் சுற்றி, ஒரே கித்தான் துணியில் இருவரும் வேலை செய்த நாட்கள் முடிந்தன. அந்த இழப்பிலிருந்து ரவிவர்மா மீளவில்லை. நீரிழிவு நோயும் வருத்தியது.

1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, தமது 58-வது வயதில், பிறந்த கிளிமானூரிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இறந்த பிறகு விமரிசனம் கடுமையாயிற்று. வங்காளத்தில் புதிய ஓவிய இயக்கம் எழுந்தது. அஜந்தாவும் மொகலாயச் சிற்றோவியமுமே நம் மரபு, ரவிவர்மா அன்னிய நாட்டு முறையில் நாடகக் காட்சி எழுதினார் என்று அதைச் சேர்ந்தவர்கள் குறை கூறினார்கள். கொழும்பில் பிறந்த தமிழ் வம்சாவளி அறிஞர் ஆனந்த குமாரசாமியும் அவ்வாறே கருதினார். மலிவான அச்சுப் படங்கள் பெருகப் பெருக, மூல ஓவியரின் பெயரும் சேர்ந்து மலிந்தது.

பின்னால் வந்த நவீன ஓவியர்கள் வேறு திசையில் போனார்கள். கோயமுத்தூரில் பிறந்து, தந்தித் துறையில் வேலை பார்த்து, பிறகு சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் அவர்களில் ஒருவர். எழுத்துகளையும் குறியீடுகளையும் கொண்டே படம் எழுதியவர். 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். மகாராஜாவையும் நம்பாமல் வியாபாரியையும் நம்பாமல், கைத்தொழில் பொருள் செய்து விற்று ஓவியர்கள் வாழலாம் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். பிழைப்பும் கலையும் எப்படி ஒத்துப் போவது என்ற ரவிவர்மாவின் பழைய கேள்விக்கு அது இன்னொரு விடை.

அச்சுப் படமோ தன் வழியில் போய்க் கொண்டே இருந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டிகளாகி ஊரெல்லாம் பரவின. கல் போய், ஆப்செட் வந்தது. கைபேசித் திரை வரைக்கும் அந்த முகம் வந்துவிட்டது. மளவ்லி அச்சகம் 1972-ல் தீ விபத்தில் அழிந்தது. 1979-ல் ரவிவர்மாவின் ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டு, நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லத் தடை வந்தது.

கொள்ளுப்பேரன் திறந்த கதவு

ரவிவர்மாவின் மகள்வழிப் பேத்திகள் இருவர் 1900-ல் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துக்குத் தத்து எடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா. அதாவது ரவிவர்மாவின் கொள்ளுப்பேரன்.

1935-ல் அவர் காலத்தில் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ஸ்ரீசித்ரா ஓவியக் கூடம் திறக்கப்பட்டது. அரண்மனைச் சுவர்களில் இருந்த ரவிவர்மாவின் படங்களைப் பொதுமக்கள் பார்க்க வழி பிறந்தது. மறு ஆண்டு, 1936 நவம்பர் 12-ந் தேதி, அதே மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவு இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது.

பம்பாயில் அச்சகம் தொடங்கி அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோயிலுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தவர்களில் பலருக்கு அம்மனின் முகம் காகிதத்தில் ஏற்கனவே பழக்கமாகியிருந்தது.

2023-ல் அதே வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்று தனிக் கூடம் திறக்கப்பட்டது. பணிக்கரின் படங்களுக்கும் அங்கே தனிக் கூடம் உண்டு. ஓய்வு நாளில் தம்பானூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

அங்கே தொங்கும் படங்களில் பட்டுச் சேலையின் மடிப்பை அருகில் நின்று பார்த்தால், தூரிகை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியாது. நாயக்கர் சொல்லித் தர மறுத்த இழைப்பு அதுதான். யாருக்கும் தெரியாமல் இரவில் வந்து அதன் முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர் ஆறுமுகம் பிள்ளை. அந்த ஒரு கதவு திறக்காமல் இருந்திருந்தால், எத்தனையோ கதவுகள் மூடியே இருந்திருக்கும்.